நுழைவுச் சீட்டு இல்லாத மலைகள்

மே மாதத்தின் முதற் சனிக்கிழமை. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. லண்டன் ஹரோவின் ரேய்னர்ஸ் லேன் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒன்றைப்போலவே ஒன்று அமைந்த பழைய வீடுகள் அணிவகுத்து நிற்கும் ஒரு தெருவில், ஒரேயொரு வீட்டின் வாசல் விளக்கு மாத்திரம் எரிந்துகொண்டிருக்கிறது. ஏழு பேர் அமரத்தக்க கார் ஒன்று பின்கதவைத் திறந்தபடி நிற்க, அதனுள்ளே இரண்டு தலையணைகளும் ஒரு பிரஷர் குக்கரும் கிரிக்கெட் மட்டை ஒன்றும் முன்னதாகவே குடிபுகுந்துவிட்டன. புளிச்சாதப் பொதிகளை ரோல்ஸ் டப்பாவின்மேல் அடுக்கிக்கொண்டு வந்த இல்லத்தரசி, "இதை அடியில வையாதையுங்கோ, வோட்ஃபோர்ட் தாண்டமுந்திப் பிள்ளையள் கேக்குங்கள்" என்று கணவருக்கு உத்தரவிடுகிறார். சேலைக்கு மேலே கம்பளிக் கோட்டும், காலிலே பேரனின் பழைய விளையாட்டுச் சப்பாத்தும் அணிந்த பாட்டியார், காரின் படியில் ஒரு காலை வைத்தவாறே மகனிடம் தம் சந்தேகத்தைக் கேட்கிறார்.

"தம்பி, உள்ள போறதுக்கு ஆளுக்கு ரிக்கற் எவ்வளவு?"

"ரிக்கற் இல்லை, அம்மா."

"அப்ப கேற்றில ஆர் நிக்கிறது?"

"கேற்றே இல்லை."

பாட்டியார் சற்று நேரம் யோசித்தார். "கேற் இல்லையெண்டால் அது பார்க் இல்லை, வெறுங்காடு" என்று தீர்ப்புக் கூறிவிட்டு ஏறி அமர்ந்துகொண்டார். இரவல் வாங்கிய குளிர்பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்து, அந்த அதிகாலையில் வாசலில் நின்ற அயல்வீட்டுக்காரனாகிய எனக்கு, இக்கட்டுரையின் முதல் வாக்கியமும் பாதி விஷயமும் அப்போதே கிடைத்துவிட்டன.

பாட்டியாரின் சந்தேகம்

அந்த அம்மையாரின் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. வில்பத்துவிலும் யாலவிலும், முதுமலையிலும், சென்னை நகரத்தின் நடுவே கிண்டியிலும் தேசியப் பூங்கா என்றால் நாம் அறிந்தது வேலியும் வாயிலும் சீட்டும் காவலரும் உள்ள ஒரு ஸ்தலத்தைத்தான். மனிதன் வெளியே, மிருகம் உள்ளே என்பது அதன் ஏற்பாடு. 1872இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தொடங்கிவைத்த வழி அது. பிரித்தானியாவின் ஏற்பாடோ வேறு. இங்கே தேசியப் பூங்கா என்பது ஒரு பிரதேசத்தைச் சுற்றித் தேசப்படத்தில் இட்ட கோடு. அக்கோட்டுக்குள்ளே ஊர்கள் இருக்கின்றன, மாதாகோயில்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடமும் தபாற்கந்தோரும் மதுச்சாலையும் இருக்கின்றன, செம்மறியாடுகள் மனிதரைவிட அதிகமாக இருக்கின்றன. நிலத்தின் பெரும்பகுதி விவசாயிகளுக்கும் தனியார்க்கும் தருமஸ்தாபனங்களுக்கும் சொந்தமாயிருந்தும், அதன் ஊடே பொதுப்பாதைகளிலும் திறந்த மேட்டு நிலங்களிலும் நடந்து செல்லும் பாத்தியதை எல்லோருக்கும் உண்டு. ஆகவே உள்ளே போகப் பணம் கேட்பாரில்லை. இந்த ஓர் உண்மையை நம்மவர் பலர் அறியாதிருப்பதினாலேயே, ஐந்து பேர் கொண்ட குடும்பம் மலைக்குப் போய் வருவதென்றால் ஆயிரம் பவுணாவது ஆகும் என்னும் அபிப்பிராயம் ஹரோவில் நிலைபெற்றிருக்கிறது.

ஆயிரம் ஆகாது. முந்நூறு பவுணுக்குள் முடிக்கலாம். எப்படி என்பதைக் கணக்குப் பகுதியிற் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சிறிய சரித்திரம்.

பெட்டிச் செய்தி: கோட்டுக்குள் பதினைந்து

பிரித்தானியாவில் தேசியப் பூங்காக்கள் 15: இங்கிலாந்தில் 10, வேல்ஸில் 3, ஸ்கொட்லாந்தில் 2.
முதலாவது: பீக் டிஸ்ட்ரிக்ட், 1951 ஏப்ரல் 17. பூங்காக்களுக்கான சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு 1949.
ஹரோவுக்கு அண்மையிலுள்ள சவுத் டவுன்ஸ் மிக இளையது: 2010.
வேல்ஸின் ஸ்நோடோனியா இப்போது எரீரி எனவும், பிரெக்கன் பீக்கன்ஸ் 2023 முதல் பன்னாய் பிரஹெய்னியோக் எனவும் தம் வேல்ஸ் மொழிப் பெயர்களாலேயே வழங்குகின்றன.
நுழைவுக் கட்டணம்: எதற்கும் இல்லை.

சிறை சென்று பெற்ற நடைபாதை

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மன்செஸ்டரின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் ஆறு நாளும் உழைத்துவிட்டு, ஏழாம் நாளில் சற்றே நல்ல காற்றை நாடிய சில நூறு இளைஞர்கள், ஹேஃபீல்ட் என்னும் ஊரருகே ஒரு கல்லுடைக்கும் பள்ளத்தில் கூடி, கனவான்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தின்மேல், காவற்காரர்களின் தடிகளைப் பொருட்படுத்தாது ஏறிச் சென்றார்கள். முன்னின்றவர் பென்னி ரொத்மன், வயது இருபது, குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவரும் வேறு நால்வரும் கலகம், தாக்குதல் ஆகிய குற்றங்களுக்காகச் சிறை சென்றனர். ரொத்மனுக்குக் கிடைத்தது நான்கு மாதம். ஏறியவர்களின் தொகை சிறிது, கிடைத்த தண்டனை பெரிது. அந்த விகிதத்தினாலேயே தேசம் விழித்துக்கொண்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கிண்டர் மேட்டையும் உள்ளடக்கி, நாட்டின் முதல் தேசியப் பூங்காவின் எல்லைக்கோடு வரையப்பட்டது. 2002இல் எழுபதாம் ஆண்டு நிறைவுக்கு வந்த டெவன்ஷயர் கோமகன், அம்மேட்டை அடைத்து வைத்திருந்த தம் பாட்டனாரின் செயலுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

இதை இவ்விடத்தில் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மலையேற்றம் என்பது வசதி படைத்த வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, விலையுயர்ந்த சப்பாத்தும் அதைவிட விலையுயர்ந்த ஜாக்கெட்டும் உடையவர்களின் விளையாட்டு என்று நம்முடைய பெரியோர்கள் இன்றும் கருதுகிறார்கள். உண்மை நேர்மாறு. இந்தப் பூங்காக்கள் ஏழைத் தொழிலாளிகள் கேட்டுப் பெற்றவை. அவர்களுள் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின்னர் ஒரு பெட்டியும் ஒரு முகவரியுமாக இந்நகரில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய சரித்திரம் வேறென்ன வேண்டும்?

ஹரோவுக்கும் இவ்விஷயத்தில் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. 1915 முதல் 1932 வரை மெட்ரோபொலிட்டன் ரயில்வே கம்பெனி 'மெட்ரோலாண்ட்' என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு சிறு நூல் வெளியிட்டு, லண்டனின் புகையிலிருந்து ஞாயிறுதோறும் தப்பி வரும்படி ஜனங்களை அழைத்தது. அழைத்த திசை நம் திசைதான். நம் வீடுகள் அன்று மற்றவர்களின் உல்லாசப் பிரயாண ஸ்தலம். அந்த வயல்களின்மேல் நாம் குடியிருக்கிறபடியால், நாம் இன்னும் சற்றுத் தொலைவு போகவேண்டியவர்களாகிறோம்.

எந்த மலை?

நம் பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்றொரு ஆற்றுப்படை உண்டு. நன்னன் என்னும் தலைவனைக் கண்டு பரிசில் பெற்றவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்தது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் விவரமாகச் சொல்லித்தான் பாட்டு நன்னனிடம் போய்ச் சேரும். போய் வந்தவன் போகிறவனுக்கு வழி சொல்வது நம்முடைய சம்பிரதாயம். அந்த உரிமையில் என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மூன்று நாள் விடுமுறைக்கு லேக் டிஸ்ட்ரிக்ட் போகாதீர்கள். அழகிலே அதற்கு நிகரில்லை என்பது மெய்யே. ஆனால் ஹரோவிலிருந்து ஏறத்தாழ 260 மைல், விடுமுறை நெரிசலில் ஏழு மணி நேரம். போகும் நாளும் வரும் நாளும் வாகனத்தில் கழிய, நடுவிலுள்ள ஒரு நாளில் மழை பெய்யும். எரீரி ஏறத்தாழ 220 மைல். ஈஸ்டரின் நான்கு நாட்களுக்கு ஒத்துவரும். அதற்குச் செல்லும் பாதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஹரோ பெருநகரப் பிரிவின் கிழக்கெல்லையாக ஓடும் எட்ஜ்வேர் ரோடு, ரோமர் காலத்து வாட்லிங் ஸ்ட்ரீட்டின் ஒரு துண்டு. அதே பாதையைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் டெல்ஃபர்ட் என்னும் பொறியியலாளர் மேற்கே நீட்டி, எரீரியின் மலைகளுக்கிடையே புகுத்தி, ஹோலிஹெட் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். இடையிலே இலக்கம் மாறினாலும், மரக்கறி வாங்கப் போகும் நம் பாதையின் மறுநுனி மலையுச்சிகளின் நடுவே கிடக்கிறது.

தெற்கு வேல்ஸின் பன்னாய் பிரஹெய்னியோக் ஏறத்தாழ 150 மைல். செவர்ன் பாலத்தின் சுங்கத்தை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டபடியால் அந்தச் செலவும் இல்லை. வேல்ஸுக்குள் நுழைந்ததும் ஊர்ப்புறத் தெருக்களில் வேகவரம்பு 20 மைல் என்பதை மாத்திரம் மறவாதிருத்தல் வேண்டும். 2023 செப்டெம்பரிலிருந்து அதுவே அங்கு பொது விதி. ஒருநாளும் மலை காணாத குடும்பம் முதலில் சவுத் டவுன்ஸுக்கு ஒரே நாளில் போய் வந்து, பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடப்பார்கள், எத்தனையாவது மைலில் அழுவார்கள் என்பதைப் பரீட்சித்துக்கொள்வது புத்தி.

ஆனால் மூன்று நாளுக்கு ஹரோவின் பூங்கா பீக் டிஸ்ட்ரிக்ட்தான். எம்1 நெடுஞ்சாலையில் ஏறினால் செஸ்டர்ஃபீல்ட் வரை திருப்பமே இல்லை. அங்கிருந்து காஸில்டன் சேர, மொத்தம் 160 மைலளவு. அதிகாலையில் புறப்பட்டால் மூன்றரை மணி நேரம். பாட்டிமாருக்கும் அது உகந்தது. காஸில்டனுக்கு மேலே நிற்கும் மாம் டோர் என்னும் குன்று 517 மீற்றர் உயரமாயினும், வாகனம் நிறுத்துமிடமே பாதி உயரத்துக்கு மேல் அமைந்திருக்கிறது. அங்கிருந்து உச்சிக்குக் கல் பதித்த பாதை. பெயரின் பொருள் தாய்மலை என்பார்கள். நிற்காமல் சரிந்துகொண்டேயிருப்பதால் நடுங்கும் மலை என்றும் ஒரு பெயர் உண்டு; அதன் அடிவாரத்திலிருந்த பெருந்தெரு ஓயாத சரிவைத் தாங்கமாட்டாமல் 1979இல் நிரந்தரமாக மூடப்பட்டு, அடுக்கடுக்காகப் பிளந்த தார்ப்பாளங்களாக இன்றும் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த உடைந்த தெரு உச்சியைவிட அதிகமாகப் பிடிக்கும்.

நடக்க இயலாதோர்க்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் மொன்சால் டிரெயில் இருக்கிறது: கைவிடப்பட்ட ரயில் பாதை, எட்டரை மைல், சமதரை, 2011இல் திறந்துவிட்ட குகைப்பாதைகள் வழியே. மழை கொட்டுமாயின் ஈம் (Eyam) என்னும் கிராமத்துக்குப் போகலாம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதி ஒன்றினால் கொள்ளைநோய் புகுந்தபோது, அயலூர்களுக்குப் பரவாதிருக்கத் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டு மாண்ட கிராமம் அது. கதவடைத்து வாழ்ந்த 2020ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் தெருக்களில் விளக்கம் தேவைப்படாது.

கணக்கு

போகவர 320 மைல், அங்கே சுற்ற 60 மைல், ஆக 380. பழைய ஏழிருக்கைக் கார் கலனுக்கு 38 மைல் ஓடுமானால் பத்துக் கலன், அதாவது 45 லீற்றர் சொச்சம். லீற்றர் 1 பவுண் 35 பென்ஸ் என்று கொண்டால் 61 பவுண். இதே பெற்றோலை நெடுஞ்சாலை ஓரத்து நிலையத்தில் நிரப்பினால் விலை வெகுவாக ஏறும். ஆகவே முதல்நாளே ஹரோவில் நிரப்பிவிடுங்கள்.

தங்குமிடம் இரண்டு இரவு. இங்கேதான் காசு கரைகிறது. 1930இல் தொடங்கிய வை.எச்.ஏ. என்னும் இளைஞர் விடுதிச் சங்கம், பெயரிலே இளைஞர் இருப்பினும், குடும்ப அறையும் பொதுச் சமையலறையும் வைத்திருக்கிறது. காலை இடியப்பத்துக்கு அடுப்புக் கிடைக்கும் விடுதி வேறெங்கே? பூங்காவுக்கு வெளியே தங்குவது இன்னொரு யுக்தி. பக்ஸ்டன் என்னும் நகரத்தை மூன்று பக்கமும் பூங்கா சூழ்ந்திருந்தும், அதன் கற்சுரங்கங்களை முன்னிட்டு எல்லைக்கோடு அதை வெளியே விட்டுச் செல்கிறது. மற்லொக், செஸ்டர்ஃபீல்ட் நகரங்களும் கோட்டுக்கு வெளியே. கோடு தாண்டினால் அழகுக்கென்று வைக்கும் விலை குறையும். இரவுக்கு 80 பவுண் என வைத்துக்கொள்வோம்: 160. வாகனம் நிறுத்த மூன்று நாளுக்கு 20. கட்டுச்சோறு போக, ஒருநாள் பொரித்த மீனும் பேக்வெல் ஊரின் பெயர்பெற்ற இனிப்பும் உட்பட 55. கூட்டினால் 296. கூடாரம் அடிக்கத் துணிந்தவர்கள் தங்குமிடத் தொகையைப் பாதிக்கும் கீழே இறக்கலாம். அவர்களை நான் வணங்குகிறேன், பின்பற்றமாட்டேன்.

பழைய டீசல் வேன் வைத்திருப்போர் இன்னொரு தொகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு வலயத்தின் எல்லை ஹரோவையும் விழுங்கிவிட்டது; நம் ஹரோ கவுன்ஸில் வேறு சில சபைகளோடு சேர்ந்து உயர்நீதிமன்றம் வரை சென்று வாதாடித் தோற்றது. தரத்துக்கு உட்படாத வாகனம் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண் 50. புறப்படும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் கட்டவேண்டும். லண்டனுக்கு வெளியே நிற்கும் நாளுக்கு வேண்டியதில்லை.

வாகனத்தைப் பற்றிப் பேசுகையில், ஹரோ ஒன் த ஹில்லில் குரோவ் ஹில் சரிவிலுள்ள ஒரு நினைவுப் பலகையை எண்ணாதிருக்க முடியவில்லை. பிரித்தானியாவில் வாகனம் ஓட்டியவர் விபத்தில் மாண்டதாகப் பதிவான முதற் சம்பவம் அங்கேதான் நிகழ்ந்தது: 1899 பெப்ரவரி 25, சரிவில் இறங்கும்போது பிறேக் பிடிக்க, சக்கரம் நொறுங்கியது. மலைநாட்டில் மூன்று நாள் இறங்கி ஏறப்போகிறவர்கள் பிறேக்கையும் ரயரையும் முந்திய வாரமே கராச்சில் காட்டிவிடுதல் நன்று. ரயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது குற்றமும் ஆகும்.

எந்தச் சனிக்கிழமை?

நீண்ட வார இறுதி என்பது 1871இல் ஜோன் லபொக் என்னும் வங்கியாளர் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டத்தின் பேறு. பெயருக்கேற்ப வங்கிக்காரரின் விடுமுறை. கடை வைத்திருப்பவர்க்கும், பெற்றோல் நிலையத்தில் நிற்பவர்க்கும், முதியோர் இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் முறை மாறி உழைப்பவர்க்கும், அதாவது நம்மவரில் மிகப் பலருக்கு, அந்தத் திங்கள் விடுமுறையே அன்று. அன்றைக்கு ஓய்வு கேட்கும் சட்டபூர்வமான உரிமையும் இந்நாட்டில் இல்லை. இதைக் குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிக்கனத்தின் கண்ணாற் பார்த்தால் இதுவே அனுகூலம். பள்ளி விடுமுறைக் காலத்துச் செவ்வாயும் புதனும் விடுமுறை எடுக்கும் குடும்பம், ஊரெல்லாம் வெள்ளி மாலை எம்1இல் ஊர்ந்துகொண்டிருந்த வாரத்தில், காலியான பாதையில் மலிவான அறைக்குப் போய்ச் சேரும்.

திங்கள் விடுமுறைக்கே போவதானால் மே மாதத்து முதலாவது சிறந்தது. மே ஈற்றில் வருவது பள்ளிகளின் அரைத்தவணை விடுமுறையோடு ஒட்டி வருவதால் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். ஆகஸ்ட் ஈற்றுத் திங்களில் முழுத் தேசமும் தெருவில் நிற்கும். வெள்ளி மாலை புறப்படவே வேண்டாம். சனி அதிகாலை நாலரைக்குப் புறப்படுங்கள். திரும்புவது திங்கள் நண்பகலுக்கு முன், அல்லது பிள்ளைகள் உறங்கியபின்.

உண்மையில் நம் குடும்பங்களுக்கு முட்டுக்கட்டை பணம் அன்று, நாட்காட்டி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு பரதநாட்டியம், இடையிலே ஒரு சாமத்திய வீடு, ஒரு பிறந்தநாள், ஓர் அரங்கேற்றம். ஒரு மண்டபத்து விருந்துக்குச் சேலையும் அன்பளிப்பும் வாகன நிறுத்தமுமாகச் செலவாகும் தொகையில் மூன்று நாள் மலையில் இருந்துவிட்டு வரலாம் என்று சொன்னால், என்னை ஒருவரும் மண்டபத்துக்கு அழைக்கமாட்டார்கள். ஆகையால் சொல்லாது விடுகிறேன்.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் ஈற்றில், மேற்சொன்ன விதிகள் அனைத்தையும் மீறி, வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, நெடுஞ்சாலை நிலையத்தில் பெற்றோல் நிரப்பி, ஏழு மணி நேரங் கழித்து நள்ளிரவில் ஒரு விடுதியின் கதவைத் தட்டினேன். பணிப்பெண் பொறுமையோடு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, என் பெயரில் அறை உண்டு, அடுத்த வாரம் என்றார். தவறு என்னுடையது, தேதியைத் தெரிவு செய்தவனே நான்தான். அன்றிரவு நால்வரும் காரிலேயே உறங்கினோம். மனைவி உறங்கினாரா என்பதை இன்றுவரை கேட்கவில்லை.

அடுப்பும் தீக்கொழுந்தும்

இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றின் விலையை வேறு யாரோ செலுத்துகிறார்கள். எரீரியின் மிகவுயர்ந்த சிகரமாகிய எர் வித்வா 1,085 மீற்றர்; அதற்கு ஏறும் பாதைகளில் புகழ்பெற்ற சில தொடங்கும் பென்-இ-பாஸ் என்னுமிடத்தில், 2020 கோடையில் நூற்றுக்கணக்கான கார்கள் கணவாய்த் தெருவின் இருபுறமும் நிறுத்தப்பட்டு, அவசர வாகனம் போகவும் வழியற்றுப்போயிற்று. அதன்பின் சுற்றுலாக் காலத்தில் அங்கு முன்பதிவின்றி வாகனம் நிறுத்த முடியாது. கீழே விட்டுவிட்டு ஷெர்ப்பா என்னும் பஸ்ஸில் ஏறவேண்டும். மலிவும் அதுதான், நிம்மதியும் அதுதான்.

நம்மவர் விஷயத்தில் வாகனத்தைவிட நான் அஞ்சுவது அடுப்பு. திறந்த வெளி, பச்சைப் புல், கோழி ஊறவைத்த பாத்திரம், கடையில் வாங்கிய ஒருமுறை அடுப்பு: நம் உல்லாசப் பிரயாணத்தின் இலக்கணம் இது. பீக் டிஸ்ட்ரிக்டின் மேட்டு நிலமோ மண்ணன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த தாவரப் படுகை, உலர்ந்தால் விறகு. மேலே அணைத்த நெருப்பு உள்ளே நாட்கணக்காய்க் கனன்று வேறிடத்தில் எழும். 2018 ஜூனில் சாடில்வொர்த் மேட்டில் மூண்ட நெருப்பை அடக்கத் தீயணைப்புப் படையோடு இராணுவத்தினரும் வரவேண்டியதாயிற்று. அயலூர் வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். சட்டம் தரும் நடக்கும் உரிமையில் நெருப்பு மூட்டும் உரிமை அடங்காது. நியூ ஃபாரஸ்ட் பூங்காவில் நெருப்பைத் தடுத்து உள்ளூர்ச் சபை 2023இல் தனியே ஓர் ஆணையும் பிறப்பித்தது. கோழியை வீட்டிலேயே பொரித்து எடுத்துச் செல்லுங்கள். ஆறினாலும் அது நம் கோழிதான்.

மூன்றாவது விஷயம், குளிரையும் விபத்தையும் பற்றியது. மலையில் ஒவ்வொரு 150 மீற்றருக்கும் உத்தேசமாக ஒரு பாகை குளிர் கூடும். காற்றையும் சேர்த்தால் ஹரோவில் மேற்சட்டை தேவையற்ற நாளில் கிண்டரின் 636 மீற்றரில் பல் கிட்டும். பருத்தி உடுப்பு நனைந்தால் உலராது. விபத்து நேர்ந்தால் தேடி வருகிறவர்கள் சம்பளக்காரர் அல்லர். ஆசிரியர், தச்சர், தாதி, கடைக்காரர் என அவ்வூர்களில் வாழும் தொண்டர்கள். ஞாயிற்றுச் சாப்பாட்டை விட்டெழுந்து வந்து தூக்கிச் செல்வார்கள், ஒரு பென்ஸும் கேட்கமாட்டார்கள்.

பெட்டிச் செய்தி: மலையில் ஆபத்து நேர்ந்தால்

999ஐ அழையுங்கள். முதலில் பொலிஸ் என்று கேட்டு, பின்பு மலை மீட்புக் குழு வேண்டும் எனச் சொல்லவேண்டும்.
கைத்தொலைபேசியின் மின்சக்தியைப் பாட்டுக்குச் செலவிடாதீர்கள்.
இரவில் ஆறு முறை விளக்கடித்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை: இதுவே இங்குள்ள ஆபத்துச் சைகை.
ஆளுக்கொரு மழைச்சட்டை, ஒரு சூடான மேலாடை, ஒரு டோர்ச், காகிதத் தேசப்படம்.

நாமும் அங்கே

2019இல் ஜூலியன் குளோவர் தலைமையிலான குழு அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கை, இந்நிலப்பரப்புகள் தமக்குரியவை அல்ல என்ற எண்ணம் சிறுபான்மையோர் பலரிடம் உறைந்திருப்பதை எடுத்துக் கூறிற்று. அந்த எண்ணம் காரணமின்றி வந்ததன்று. 2021இன் கிறிஸ்துமஸ் தினத்தில் முஸ்லிம் நடைப்பயணிகள் கூட்டமொன்று பீக் டிஸ்ட்ரிக்டில் நடந்துவிட்டுப் படங்களை வெளியிட, வசைகள் வந்து குவிந்தன. அவர்கள் அஞ்சாது அடுத்த நடையை அறிவித்தார்கள், முன்னிலும் அதிகமானோர் வந்து சேர்ந்தார்கள். ரொத்மனின் காலத்து வழக்கும் முடிந்துவிடவில்லை. டார்ட்மூர் பூங்காவின் பொது நிலத்தில் இரவில் கூடாரமடிக்கும் உரிமையை 2023 ஜனவரியில் ஒரு நீதிமன்றம் மறுத்தது, அதே ஆண்டு ஜூலையில் மேல்நீதிமன்றம் மீட்டது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவ்வுரிமை உண்டென்று முடிவாகச் சொல்லிவிட்டது.

என் அயல்வீட்டார் திங்கள் பிற்பகல் திரும்பினார்கள். பிரஷர் குக்கர் திறக்கப்படவேயில்லை. கிரிக்கெட் மட்டை எங்கோ ஒரு சுவரோரம் விடுபட்டுப்போயிற்று. பாட்டியார் மாம் டோர் உச்சி வரை ஏறினாராம், இரண்டு முறை மட்டும் அமர்ந்து. எப்படி இருந்தது என்று விசாரித்தேன். "கேற் இல்லைத்தான்; ஆனால் தம்பி, ஒம்பது மணிக்குப் பிறகு கார் விட இடமில்லை" என்றார்.

ஆகையால் ஆகஸ்டுக்கு எண்ணம் உள்ளவர்கள் இந்த வாரமே அறையைப் பார்த்து வையுங்கள். பார்க்கும்போது, எந்தச் சனிக்கிழமை என்பதை வீட்டில் இன்னொருவரையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.